மிக்சர் பாக்கெட்டும் டி.எச். ரோடும்

ஜெர்மனியில் எட்டு வருஷமாகக் கார் ஓட்டும் அக்கா மகன் போன டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தான். வடசென்னையில் ராயபுரத்தில் இருந்து டோல்கேட் போக, டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தான். வழியில் ஒரு சிக்னலில் நின்றோம். நின்றோம் என்றால், நாற்பது வண்டிகளுக்குப் பின்னால் வந்து, மாநகரப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து, ஒரு மீன்பாடி வண்டியைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் போய் நின்றோம்.

"மாமா, நாம கடைசியாத்தானே வந்தோம்? எப்படி முதல்ல நிக்கிறோம்?" என்றான்.

பதில் மிக்சர் பாக்கெட்டில் இருக்கிறது. கடையில் வாங்கிய மிக்சரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் கடலை மேலே கிடக்கும், ஓமப்பொடித் தூளெல்லாம் அடியில் இறங்கியிருக்கும். பை குலுங்கும்போது பெரிய துண்டுகளுக்கு நடுவே நொடிக்கு நொடி சின்னச் சந்துகள் திறந்து மூடுகின்றன. அந்தச் சந்தில் தூள் நுழையும், கடலை நுழையாது. நுழைந்த தூள் மறுபடி மேலே வருவதும் கஷ்டம். இதுவே ஆயிரம் தடவை நடந்தால் சின்னதெல்லாம் கீழே போய்ச் சேர்ந்துவிடும். சிக்னலில் 'கீழே' என்பதை 'முன்னே' என்று மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பச்சை விழும்போது முன்வரிசை முழுக்க பைக்கும் ஸ்கூட்டருமாக இருப்பதற்கு இதுதான் காரணம். போக்குவரத்துப் பொறியாளர்களும் இதைக் 'கசிவு' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, நம் ரோட்டில் எண்ண வேண்டியது வண்டிகளை அல்ல, அவை அடைக்கும் இடத்தை. சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1990-ல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கார் அடைக்கும் இடம் 1 என்று வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறார்கள். பைக் 0.5 முதல் 0.75. பஸ், லாரி 2.2 முதல் 3.7. ஆட்டோ 1.2 முதல் 2. கைவண்டிக்கு 2 முதல் 3! உருவத்தில் ஆட்டோவைவிடப் பெரிதில்லாத கைவண்டிக்கு ஏன் இவ்வளவு? மெதுவாகப் போவதால், கடந்து போகிற எல்லாரையும் விலக வைக்கிறது. வண்ணாரப்பேட்டையில் துணி மூட்டை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு இந்த எண்ணை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே கோடு என்பது ஒரு வாக்குறுதி. பக்கத்துத் தடத்தில் இருப்பவன் திடீரென்று என் தடத்துக்குள் வரமாட்டான் என்ற நம்பிக்கையில் ஓட்டுநர் முன்னால் பார்த்தே போகலாம். ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகம் என்றால் முன்வண்டிக்கு 15 மீட்டர் இடைவெளி விடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் 100 என்றால் 50 மீட்டர். டி.எச். ரோட்டில் 15 மீட்டர் விட்டால் அதில் ஒரு கல்யாண ஊர்வலமே புகுந்துவிடும்.

ஹாரனும் அப்படித்தான். அங்கே ஊருக்குள் ஆபத்துக்கு மட்டும் அடிக்க வேண்டியது. இங்கே பாதி பைக்குகளில் கண்ணாடி மடங்கியிருக்கும் அல்லது கழற்றப்பட்டிருக்கும். பின்னால் வருகிறவன் அடிக்கும் ஹாரன்தான் முன்னால் போகிறவனுக்குக் கண்ணாடி. லாரியின் முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதிக் கேட்டே வாங்கிக்கொள்கிறோம்.

கோட்டுக்குள் போனால் நெரிசலே வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டார்கள். எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போக வேண்டும். சிக்னல் இல்லை, குழி இல்லை, மாடு இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைத்தார். அடுத்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் பிடித்தார், அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாக. கடைசியில் சில கார்கள் முழுசாக நின்றே போயின. அந்த நெரிசல் ஓர் அலையாக, கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஜெர்மன்காரர்கள் இந்த மாதிரி நெரிசலுக்கு 'ஒன்றுமில்லாததில் இருந்து வந்தது' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பைக்காரன் பிரேக் பிடிப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் ஒதுங்கிவிடுகிறான். அதனால் நம் ரோட்டில் அந்த அலை கொஞ்சம் சிதறும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒதுங்க இடம் தீர்ந்துபோனால் நமக்கு அலைகூடக் கிடையாது, ஒரே அடைப்புதான்.

'ஒழுங்கு கெட்ட ரோடு நம்ம ஊரில் மட்டும்தான்' என்பவர்கள் ஹனோய் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே பைக் வெள்ளத்தைக் கடக்கிறவர்கள் ஓடுவதும் இல்லை, தயங்கி நிற்பதும் இல்லை. ஒரே சீரான நடை. இந்த ஆள் அடுத்த நொடி எங்கே இருப்பான் என்று பைக்காரர்கள் கணித்து, முன்னாலோ பின்னாலோ வளைந்து போய்விடுவார்கள். நடுவில் பயந்து நின்றால்தான் கணக்கு தப்பும்.

நெதர்லாந்தின் டிராக்டன் ஊரில் இதை வேண்டுமென்றே செய்தார்கள். ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்துப் பொறியாளரின் யோசனைப்படி, தினமும் 20,000 வண்டிகள்போல வந்துபோகும் ஒரு சந்திப்பில் 2000-களின் தொடக்கத்தில் சிக்னலையே எடுத்துவிட்டார்கள். கண்ணோடு கண் பார்த்துப் பேசிக்கொண்டு போங்கள் என்பதுதான் ஏற்பாடு. பார்க்க வந்தவர்களிடம் மாண்டர்மன் பின்பக்கமாகவே ரோட்டைக் கடந்து காட்டுவாராம்.

சரி, நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று பெருமைப்படும் முன் வேகத்தைப் பாருங்கள். ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நொடியில் 8 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டர், ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60-ல் போனால் அந்த ஒரு நொடிக்கே 17 மீட்டர் போய்விடுகிறது. அப்புறம் பிரேக்குக்கு 20. வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு. கண் ஜாடைப் பேரமெல்லாம் 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். அதோடு, டச்சுச் சட்டம் மோதலில் சைக்கிள்காரன் பக்கம் சாயும். இங்கே எடை அதிகமுள்ளவன் பக்கம்தான் வழி சாய்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஜெர்மனியில் அதே வருஷம் ஏறக்குறைய 2,800. நம் மக்கள்தொகை அவர்களைப் போல 17 மடங்கு, சாவோ 60 மடங்கு. ஒழுங்கற்ற ஒழுங்கு என்று இதைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

டோல்கேட்டில் வேலை முடிந்து, கடலோரமாகத் திரும்பலாம் என்று எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு வந்தோம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய ஒன்று இடது பக்கம் திரும்பத் தயாரானது. இவ்வளவு நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நெருக்கமான திருப்பத்தில் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று மீட்டர்கூட வரும், அதாவது கிட்டத்தட்ட ஒரு தடத்தின் அகலம். அதனால்தான் டிரைவர் முதலில் வலது பக்கம் ஒடித்து, அப்புறம் இடது பக்கம் வளைப்பார். அந்த நேரத்தில் இடது பக்கம் அழகாக ஒரு சந்து திறக்கும். மிக்சர் தூளுக்குத் திறப்பதைப் போலவே. ஆனால் இந்தச் சந்து மூடும்போது உள்ளே இருப்பவரை டிரைவரின் கண்ணாடி காட்டாது.

நான் பின்னாலேயே நின்றேன். எனக்குப் பின்னால் ஹாரன் பறந்தது.

"மாமா, கேப் இருக்கே, போகலையா?" என்றான் இவன். நாலு நாளில் தேறிவிட்டான்.

டேங்கின் இரு பக்கமும் தண்ணீர் கேன் தொங்கவிட்ட ஒரு பையன் எங்களைத் தாண்டி அந்தச் சந்துக்குள் வண்டியை விட்டான். டிரெய்லரின் கிளீனர் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்து, கதவைப் படபடவென்று அறைந்து, "ஓரம், ஓரம்!" என்று கத்தினார். டிரெய்லர் நின்றது. பையன் காலாலேயே உந்தி உந்தி வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.