ஆதாரத் தொழில்: 'கோர் பிஸ்னஸ்' என்ற சொல்லும் அதன் பொருளும்

"கூகுள் தன் கோர் பிஸ்னஸைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதாதா?" தொழில்நுட்பக் கம்பனி ஒன்று புதிய துறையில் கால் வைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. தமிழ்ச் செய்திகளிலோ அந்தக் 'கோர் பிஸ்னஸ்', அதாவது ஒரு கம்பனியைத் தாங்கி நிற்கும் தொழில், ஒருநாள் முக்கிய வணிகம், மறுநாள் பிரதான தொழில், பிறகு அடிப்படை வணிகம், மையத் தொழில் என்று வேடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான்கும் ஒரே பொருள் தருவன அல்ல. திருகோணமலையில் உயர்தர வகுப்பில் வணிகம் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சொற்களுக்கு நடுவே தடுமாறுவதைப் பார்க்கிறேன். சொல் குழம்பினால் கேள்வியே குழம்பிவிடுகிறது.

'கோர்' என்பது ஆங்கிலத்தில் முதலில் பழத்தோடு சேர்ந்த சொல். அப்பிள் பழத்தின் நடுவில் விதைகளைப் பொதிந்து வைத்திருக்கும் கெட்டிப் பகுதி அது. தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'காழ்'. விதைக்கும் காழ் என்று பெயர், மரத்தின் கெட்டியான பகுதியாகிய வைரத்துக்கும் காழ் என்று பெயர். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பியம் அகக்காழ், புறக்காழ் எனப் பிரித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கில் நம் பனை புல் இனம். அழகான சொல்தான், ஆனால் இன்று 'காழ்த்தொழில்' என்று எழுதினால் பத்தில் ஒன்பது பேர் அகராதியைத் தேடுவார்கள்.

வணிக உலகில் இச்சொல் ஓங்கியதற்குக் காரணம் உண்டு. 1960களில் அமெரிக்கக் கம்பனிகள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தன. ஐ.டி.டி. என்ற தொலைபேசிக் கம்பனி 1965இல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனத்தையும் 1968இல் ஷெரட்டன் ஹோட்டல்களையும் வாங்கியது. பிறகு பாண் சுடும் தொழிலும் காப்புறுதியும் அதனிடம் வந்து சேர்ந்தன. 1980களில் இந்தக் கதம்பக் கம்பனிகள் பிரித்து விற்கப்பட்டபோது, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்ற கேள்விக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'கோர்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1990இல் ஒரு திருப்பம் வந்தது. கோயம்புத்தூரில் பிறந்த முகாமைத்துவப் பேராசிரியர் சி. கே. பிரகலாத், கேரி ஹமலுடன் சேர்ந்து ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கம்பனியை ஒரு மரமாகப் பார்த்தால், நாம் கடையில் வாங்கும் பொருள்கள் இலையும் பூவும் காயும்தான். மரத்தைத் தாங்கி நிற்கும் வேர் கம்பனிக்குள் திரண்ட திறமை என்றார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கோர் கொம்பிட்டன்ஸ்'. தொழில் வேறு, அந்தத் தொழிலைச் செய்ய வைக்கும் திறன் வேறு என்ற பிரிப்பு இங்கேதான் தெளிவானது. பெரிய கம்பனி தன் தொழிலோடு நிற்க வேண்டுமா என்று வாதிடுபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிப்பைக் கவனிப்பதே இல்லை.

திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் ஏற்றிவைத்திருக்கும் படகுகளில் யமஹா எஞ்சின் பூட்டிய படகு ஒன்றைத் தேடிப் பாருங்கள். யமஹாவின் முத்திரை ஒரு வட்டத்துக்குள் ஒன்றையொன்று வெட்டி நிற்கும் மூன்று இசைக்கவைகள். பாடசாலை ஆய்வுகூடத்தில் தட்டிக் காதருகே பிடித்துப் பார்ப்போமே, அதே கவைதான். கடலில் ஓடும் எஞ்சினுக்கும் இசைக்கவைக்கும் என்ன உறவு? தொரகுசு யமஹா 1887இல் செய்த ஓர்கன் வாத்தியத்திலிருந்து வளர்ந்தது அந்தக் கம்பனி. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தொழிற்சாலையில் விமானத்துக்கான சுழல்விசிறிகள் செய்யப்பட்டன. போர் முடிந்து சும்மா கிடந்த அந்த இயந்திரங்களைக் கொண்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 1955இல் யமஹா மோட்டார் தனிக் கம்பனி ஆனது. 1960இல் படகு எஞ்சின் வந்தது. வாத்தியக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று அன்று தடுத்திருந்தால் அந்த எஞ்சின் பிறந்தே இராது. உலோகத்தையும் மரத்தையும் நுணுக்கமாகக் கடைந்தெடுக்கும் கை அவர்களிடம் இருந்தது, அது துறை மாறியது. அந்த எஞ்சினை ஓட்டும் நம் மீனவரும் அப்படித்தான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பயணிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றிச் செல்கிறார். தொழில் மாறுகிறது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் படகை விடும் அறிவு மாறுவதில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'வணிகம்' இங்கே பொருந்தாது, அது வாங்கி விற்பதைச் சுட்டும் சொல். 'தொழில்' என்பதே சரி. 'தாய்த்தொழில்' கேட்க இனிமையானது, ஆனால் அது கம்பனி எதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்கிறது. சம்சுங் 1938இல் கருவாடும் நூடுல்சும் விற்றுத் தொடங்கிய கடை. கருவாடு சம்சுங்கின் 'கோர்' என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். 'முதன்மைத் தொழில்' பரவலாக வழங்கும் சொல். அதிலும் சிக்கல் உண்டு. அமேசனுக்கு விற்பனை வருமானம் பெரும்பாலும் இணையக் கடையிலிருந்து வருகிறது. ஆனால் அண்மைய ஆண்டுகளில் இயக்க இலாபத்தின் பாதிக்கு மேல் தந்தது 2006இல் தொடங்கிய மேகக் கணினிச் சேவை, அதாவது கணினி வசதியை இணையம் வழியே வாடகைக்குத் தரும் தொழில். இரண்டில் எது முதன்மை? அந்தச் சொல்லால் விடை சொல்ல முடியாது.

அதனால் நான் பரிந்துரைப்பது 'ஆதாரத் தொழில்'. எதை எடுத்துவிட்டால் மற்றவை நிற்க முடியாதோ அது. தனித்தமிழ் வேண்டுவோர் 'ஆணிவேர்த் தொழில்' என்று எழுதலாம், பிரகலாத்தின் மரத்துக்கும் அது பொருந்தும். 'கோர் கொம்பிட்டன்ஸ்' என்பதற்கு 'அகத்திறன்' போதும். 'முக்கிய திறன்' என்று எழுதுவது சொல்லை வெறுமையாக்குகிறது.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டால் வாதம் தெளிகிறது. ஆதாரத் தொழிலை விட்டு வெளியே போவது குற்றமல்ல. அகத்திறன் இல்லாத இடத்துக்குப் பணத்தை மட்டும் சுமந்துகொண்டு போவதுதான் கேடு. மைக்ரோசொப்ட் 2014இல் நோக்கியாவின் கைத்தொலைபேசித் தொழிலை வாங்கி, மறு ஆண்டே 760 கோடி டொலரை நட்டத்தில் எழுதியது. ஏறத்தாழ 7,800 பேர் வேலை இழந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அது ஒரு வரி, வேலை இழந்தவர்களுக்கு அப்படி அல்ல.

நமக்கு இது தொலைதூரச் செய்தியும் அல்ல. 2015 ஜூலையில் இலங்கை அரசு கூகுளுடன் ஓர் உடன்பாடு செய்தது. வானில் பலூன்களை மிதக்கவிட்டு நாடு முழுவதற்கும் இணையம் தருவதாகப் பேச்சு. 2016 பெப்ரவரியில் முதல் பலூன் நம் வான்பரப்புக்குள் வந்தது. அலைவரிசை ஒதுக்கீட்டில் சிக்கல் எழுந்தது, சேவை தொடங்கவே இல்லை. 2021 ஜனவரியில், செலவைத் தேவையான அளவுக்குக் குறைக்க வழி தெரியவில்லை என்று சொல்லி 'லூன்' என்ற அந்தப் பலூன் திட்டத்தையே மூடிவிட்டார்கள். கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட்டின் வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. கூகுளுக்கு அப்பால் செய்யும் முயற்சிகளுக்கு அந்த நிறுவனமே தன் கணக்கறிக்கையில் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'ஏனைய பந்தயங்கள்' என்று வரும். பந்தயம் கட்டுவது அவர்கள் உரிமை. ஆனால் அதை ஆதாரத் தொழிலின் உறுதிமொழி போலக் கேட்டு நம்பியிருப்பது குச்சவெளியிலும் மூதூரிலும் நல்ல இணைப்பு இல்லாமல் படிக்கும் பிள்ளைகள். ஒரு பெருங்கம்பனி ஊருக்குள் புதிய சேவையோடு வரும்போது, அதில் எது ஆதாரம், எது பந்தயம் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்தயம் என்றால், மூடும்போது என்ன செய்வார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இப்போது செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்திருக்கிறது. 2024 ஒகஸ்டில் உரிமம், 2025 ஜூலையில் சேவை. ரொக்கெட் ஏவும் கம்பனி ஒன்றின் கிளைத் தொழில் இது. பலூனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அகத்திறன் என்ற சொல்லால் அளக்கலாம். ஏவிய ரொக்கெட்டின் அடிப்பகுதியைத் திரும்ப இறக்கி மறுபடி ஏவும் திறன் அவர்களிடம் முன்பே இருந்தது. ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களைக் கட்டுப்படியான செலவில் மேலே அனுப்ப அதுவே வழி செய்தது. வேர் இருக்கிறது. உடன்படிக்கை எப்படி இருக்கிறது என்பதை இனி நாம்தான் கேட்க வேண்டும்.