தலைக்குக் குளிப்பதா, முடிக்குக் குளிப்பதா?

உதிர்ந்த முடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் நல்லது. வேர் முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முடியை வைத்து, நுனியை நோக்கி விரல்களை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியைப் பிடித்துக்கொண்டு வேரை நோக்கி ஓட்டுங்கள். தடுக்கும். காதுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தால் மெல்லிய கிறீச்சொலிகூடக் கேட்கும்.

பார்வைக்கு வழவழப்பான நூல் போலத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் முடி ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருக்கும். கண்ணாடி போன்ற மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாக, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்து படிந்திருக்கின்றன. சரிவோடு போனால் விரல் வழுக்குகிறது. எதிர்த்துப் போனால் செதில் விளிம்புகளில் இடறுகிறது. செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்றும் உண்டு. புதிதாக வளர்ந்த முடியில் தண்ணீர் சட்டென்று ஒட்டாமல் நழுவுவது அதனால்தான். உள்ளே கெரட்டின் என்ற புரத இழைகள் கயிறு போல முறுக்கிக் கிடக்கின்றன. முடியின் பலம் இந்தக் கயிற்றில் இருக்கிறது. கயிற்றைக் காப்பது மேலே இருக்கும் ஓடு.

இந்த ஓடு உடைந்தால் திரும்ப வேய ஆள் கிடையாது. முடியில் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் வேர் மட்டுமே. வெளியே தெரிவது எல்லாம் நகம் போல உயிரற்ற பொருள். கையில் கீறல் விழுந்தால் ஆறிவிடும். முடியில் விழுந்த கீறல் அந்த முடி இருக்கும் வரை இருக்கும்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வேரிலிருந்து நுனி வரை அவள் கூந்தல் இரண்டடிக்குக் கொஞ்சம் அதிகம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அவள் பின்னலின் நுனி தலையை விட்டு வெளியே வந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்திருக்கிறாள். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறாள் என்றால், அந்த நுனி 500 குளியலுக்கு மேல் பார்த்துவிட்டது. நேற்று முளைத்த அடிமுடி ஒன்றுகூடப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்துக் கழுவுவது எப்படிச் சரியாகும்?

நம் பேச்சிலேயே இதற்கு விடை இருக்கிறது. மேலுக்குக் குளிப்பது, தலைக்குக் குளிப்பது என்றுதான் சொல்கிறோம். முடிக்குக் குளிப்பது என்று யாரும் சொல்வதில்லை. அழுக்கு உற்பத்தியாகும் இடம் தலைத்தோல்தான். ஒவ்வொரு முடிக்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. அது கசியும் எண்ணெய், வியர்வை, உதிரும் தோல் செல்கள், வெளித்தூசு எல்லாம் சேர்ந்துதான் பிசுக்கு. கழுவ வேண்டியது அதைத்தான்.

எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீர் மட்டும் எடுக்காது. அதனால் இரண்டு பக்கமும் உறவுள்ள ஒரு தரகர் வேண்டும். ஷாம்புவில் இருக்கும் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். ஏராளமான மூலக்கூறுகள் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து, எண்ணெய் முனையை உள்ளே குத்தி, தண்ணீர் முனையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி மூடப்பட்ட எண்ணெய் தண்ணீரோடு கிளம்பிப் போய்விடும். எண்ணெய் வைத்த தலையில் முதல் தடவை ஷாம்பு போட்டால் நுரையே வராது, இரண்டாம் தடவை பொங்கிக்கொண்டு வரும். பார்த்திருப்பீர்கள். முதல் தடவை போட்ட ஷாம்பு எல்லாம் எண்ணெயைப் பிடிக்கவே போய்விடுகிறது. எண்ணெயும் நுரையை உடைத்துவிடும். நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் ஊற்ற வேண்டாம். கொஞ்சமாகப் போட்டு அலசிவிட்டு, மறுபடி கொஞ்சம் போட்டாலே போதும். எண்ணெய் வைக்காத நாளில் ஒரு தடவையே தாராளம்.

ஷாம்பு என்ற சொல்லே நம் பக்கத்துச் சரக்கு. பிசைவது, அழுத்தித் தேய்ப்பது என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய ஷாம்பு குளியலகத்தில் கிடைத்தது உடம்பு பிடித்துவிடுவதுதான். இன்றைக்கு நமக்கு வேண்டியதும் அந்தப் பழைய பொருள்தான். தலையை நன்றாக நனைத்துவிட்டு, ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, வகிடு, பிடரி, காதுக்குப் பின்புறம் என்று தோலில் படும்படி ஊற்றி, விரல் நுனிகளால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நகம் படக் கூடாது. கூந்தலை உச்சியில் குவித்து வைத்துத் துணி கசக்குவது போலக் கசக்கினால் செதில்கள்தான் பெயரும். மேலிருந்து நுரை வழிந்து இறங்கும்போதே நீளமுடிக்கு வேண்டிய சுத்தம் கிடைத்துவிடும்.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தலைத்தோலின் இயல்பு லேசான அமிலம். அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவில் சுமார் 5.5. சாதாரண சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். காரத்தில் முடி உப்பும், செதில்கள் எழும்பி நிற்கும், ஒரு முடியின் செதில் இன்னொன்றில் மாட்டிச் சிக்கு விழும். இது முதல் கேடு. இரண்டாவது கேட்டை நாங்கள் வீடு மாறிய வருடம் கண்ணால் பார்த்தோம். புது வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர். வெந்நீர் போட்ட பாத்திரத்தில் ஒரே மாதத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. அப்போது நான் அவசரத்துக்குச் சோப்பையே தலைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். முடி தேங்காய் நார் போல ஆனது. சீப்பின் பற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பசை சேர்ந்தது. அழுக்கு போகவில்லை என்று நினைத்து இன்னும் சோப்புப் போட்டேன். அந்தப் பசையே சோப்புதான். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாக மாறிவிடும். அது முடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்கு அசையாது.

ஷாம்புவில் இருக்கும் சல்பேட் வகைப் பொருள்கள் அப்படிக் கசடாவதில்லை. சோப்பிலிருந்து ஷாம்புவுக்கு உலகம் நகர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனாலும் கால்சியம் நேராகவே முடியில் ஒட்டும், அதுவும் நைந்த நுனியில் அதிகமாக. உப்புத் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில் இருப்பவர்கள், கடைசி இரண்டு குவளையை மட்டும் மழைத்தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ ஊற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் சீப்பு போகும் விதமே மாறியது.

சரி, சீயக்காய்? என் பாட்டி சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த செம்பருத்தி இலை எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வருவார். குளிக்கும் நாளில் அதை வடிகஞ்சியில் கரைத்துக் கூழாக்குவார். இந்தக் கலவையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சீயக்காயில் சபோனின் என்ற பொருள் உண்டு. பூந்திக்கொட்டையிலும் அதே வகைதான். ஷாம்பு மூலக்கூறைப் போல இதற்கும் தண்ணீர் முனை, எண்ணெய் முனை இரண்டும் உண்டு. சோப்பைப் போலக் கசடாகிவிடாது. சீயக்காய்க் கரைசல் லேசான அமிலம் என்பதால் செதில்கள் படிந்தே இருக்கும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் விடும் வழவழப்பு, முடிக்கு முடி உரசாமல் காக்கும். கஞ்சி பொடியை நனைத்துக் குழைவாக்கும்.

ஆனால் சீயக்காயைக் குறையே இல்லாத பொருளாகப் பேசுவதும் சரியில்லை. நறநறவென்று அரைத்த பொடி செதில்களின் மேல் மணல் போல உரசும். வஸ்திரகாயம் செய்த, அதாவது மெல்லிய துணியில் சலித்த, பொடியே தலைக்கு ஏற்றது. கண்ணில் பட்டால் எரியும் என்பது எல்லாருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். அலசாமல் விட்ட துகள்கள் தோலில் அரிப்பைத் தரும். நன்றாக அலசப் பொறுமை இருப்பவர்களுக்கு அது அருமையான பொருள். இல்லாதவர்களுக்கு மிதமான ஷாம்புவே மேல்.

பாட்டி வழியில் அறிவியல் மிகத் தெளிவாக ஆதரிப்பது, குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் வைப்பதை. முடி தண்ணீரில் ஊறும்போது தன் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், குறுக்கே பருக்கும், காய்ந்ததும் சுருங்கும். ஒவ்வொரு குளியலிலும் இப்படி ஊதிச் சுருங்குவதில் செதில்கள் தளர்கின்றன, உள்ளிருக்கும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. மும்பையில் ரேலே, மோஹிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி, கழுவி, எவ்வளவு புரதம் போகிறது என்று அளந்து 2003-ல் வெளியிட்டார்கள். புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காரணம் வேதியியலில் தெளிவாகவே இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைய லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு குட்டையான, வளைவில்லாத சங்கிலி. அது செதில் இடுக்குகள் வழியாக உள்ளே போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் நுழைய வேண்டிய இடத்தில் எண்ணெய் முன்கூட்டியே உட்கார்ந்துவிடுகிறது. மினரல் எண்ணெய்க்கு அந்த நுழைவு இல்லை, மேலேயே நின்றுவிடும்.

ஆக, எண்ணெய் அதிகம் வேண்டியது நீளமுடிக்கு, முக்கியமாக நுனிக்கு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். உச்சியில் ஒரு கை எண்ணெய் ஊற்றிவிட்டு நுனியை மறந்துவிடுகிறோம். பொடுகு இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தலை காய்ந்து பொடுகு வந்துவிட்டது, எண்ணெய் வை என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். பொடுகில் பெரிய பங்கு மலசீசியா என்ற பூஞ்சைக்கு. எல்லார் தலையிலும் இருக்கும் அது எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. தின்றபின் அது மிச்சம் வைக்கும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்தும், தோல் அவசர அவசரமாக உதிரும். அப்படிப்பட்ட தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடுவது பூஞ்சைக்குப் பந்தி வைப்பது மாதிரிதான். இவர்கள் அடிக்கடி தலைக்குக் குளிப்பதே நல்லது. கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பு போட்டால் உடனே அலசாமல் 3 முதல் 5 நிமிடம் தோலில் இருக்கவிட வேண்டும்.

கண்டிஷனரின் வேலை சுலபமாகப் புரியும். நைந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம், கண்டிஷனர் மூலக்கூறில் நேர்மின்னூட்டம். எங்கே அதிகமாக நைந்திருக்கிறதோ அங்கே தானாகவே அதிகமாக ஒட்டும். எனவே பாதிக்குக் கீழே போட்டால் போதும், தோலில் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. வெயிலில் அலைந்து வியர்ப்பவர்கள், எண்ணெய் வழியும் தலைக்காரர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கலாம். வறண்ட, சுருண்ட முடிக்கு வாரம் ஒன்றோ இரண்டோ போதும். குளித்தால் முடி கொட்டுகிறது என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வெள்ளை முனையோடு வரும் முடி தன் காலம் முடிந்து ஏற்கெனவே வேரை விட்டுப் பிரிந்தது, குளியல் அதை வெளியே எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை மட்டும் குளித்தால் ஒரு வாரத்து முடியும் ஒன்றாகச் சேர்ந்து சல்லடையில் நிற்கும்.

உண்மையான சேதம் பெரும்பாலும் குளித்து முடித்த பிறகுதான் நடக்கிறது. நனைந்த முடியின் புரத இழைகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் விட்டுப்போயிருக்கும். அதனால் அது காய்ந்த முடியைவிட எளிதாக இழுபடும், எளிதாக அறும். அந்த நேரத்தில்தான் நாம் துண்டை முறுக்கி அடித்து, உச்சியிலிருந்து சீப்பை ஓட்டி, வழியில் மாட்டும் சிக்கை எல்லாம் கீழே தள்ளிக்கொண்டே போய் நுனியில் ஒரு முடிச்சாக இறுக்குகிறோம். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, முக்கால்வாசி காயும் வரை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் மகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதற்கு நேரம் கிடைக்காது என்பதால், குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். காய்ந்ததும் பெரிய பல் சீப்பை எடுக்கிறாள். கடைசி அரையடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முதலில் அதில் சிக்கெடுக்கிறாள். அப்புறம் அதற்கு மேல் ஒரு சாண், அப்புறம் இன்னும் மேலே. உச்சியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் சீப்பு ஓடுவது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான்.