ஸ்பிரிங்கை இறக்கினால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

கோவைப் பக்கம் கார் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "ஸ்பிரிங்கை மட்டும் மாத்திருங்க, மத்ததையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்குமுங்க." ரோட்டுக்கேற்பத் தானே இறுகித் தளரும் அடாப்டிவ் சஸ்பென்ஷன் உள்ள வேகமான காரைத் தாழ்த்த நினைப்பவருக்கு இதைவிட இனிப்பான வார்த்தை இல்லை. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதிதான் ஷாக் அப்சார்பரையும் டயரையும் தின்னும்.

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். காரின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். கார் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதும் அதன் கையில்தான். ஷாக் அப்சார்பர் எதிர்ப்பது அசைவை. மெதுவான அசைவுக்குக் கொஞ்சமாகவும் வேகமான அசைவுக்கு அதிகமாகவும் எதிர்ப்புக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் ஒரு குழியில் இறங்கி ஏறிய கார் அடுத்த பஸ் ஸ்டாப் வரை ஆடிக்கொண்டே போகும். அடாப்டிவ் என்று விற்கப்படும் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் ஆள்வது இந்த ஷாக்கை மட்டும்தான். ஸ்பிரிங் அதே பழைய எஃகுச் சுருள். ஏர் சஸ்பென்ஷன் கதை வேறு. அங்கே காற்றை ஏற்றி இறக்கி உயரத்தையும் கம்ப்யூட்டரே மாற்றும்.

ஓடும்போதே ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே ஆயில் போகும் வழியில் மின்சார வால்வு வைத்து வாசலைச் சுருக்குவது, விரிப்பது. இன்னொன்று ஆயிலையே மாற்றுவது. மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த ஆயில் அது. பிஸ்டனுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உண்டாகி, துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். ஆயில் சில மில்லி வினாடிகளில் கெட்டிப்பட்டதுபோல் ஆகிவிடும். மின்சாரத்தை நிறுத்தினால் பழையபடி இளகி ஓடும். இந்தக் காந்த ஆயிலை அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ 1940களின் கடைசியிலேயே செய்து காட்டினார். காருக்குள் வர அரை நூற்றாண்டு பிடித்தது: 2002இல் காடிலாக் செவில்.

எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது? அதற்குத்தான் சென்சார்கள். காரின் உடல் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பிரேக் மிதிபட்டதா என்றெல்லாம் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும். அதோடு பல கார்களில் உயர சென்சார் ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மையும் காரின் சேஸியையும் இணைக்கும் விரல் நீளக் குச்சியும், அதன் நுனியில் திரும்பும் ஒரு சிறு பெட்டியும்தான் அது. பார்த்தால் சைக்கிள் பிரேக் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் சக்கரம் எங்கே நிற்கிறது, மேலே போக இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைக் கம்ப்யூட்டர் அறிவது அதன் வழியாகத்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே "கார் சும்மா நிற்கும் உயரம் இதுதான்" என்று ஒரு பூஜ்யப் புள்ளி பதிவாகியிருக்கும்.

இப்போது காரை 25 மி.மீ. தாழ்த்துகிறோம். கிடைப்பது என்ன? ஒரு கணக்குப் போடலாம். 1600 கிலோ கார், எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ., இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 160 செ.மீ. புவியீர்ப்பில் 0.9 பங்கு விசையோடு வளைவில் திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குச் சுமார் 495 கிலோ பாரம் மாறும். எடை மையத்தை 52.5 செ.மீ.க்கு இறக்கினால் அது 472 கிலோ. 5 சதவீதம்கூடக் குறையவில்லை. தாழ்த்திய கார் வளைவில் சாயாமல் பிடித்துப் போகிறது என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு, கூடவே வந்த கடினமான ஸ்பிரிங்கின் வேலை. பார்வைக்கு அழகு என்பதை நான் மறுக்கவில்லை. அழகுக்காகச் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டு செய்தால் பாதிச் சிக்கல் குறையும்.

இழப்பது சக்கரம் மேலே ஏறும் இடம். முன்பு 80 மி.மீ. இருந்தது என்று வையுங்கள், இப்போது 55. அதன் முடிவில் ரப்பர் பம்ப் ஸ்டாப்பர் காத்திருக்கிறது. அதை இடிக்காமல் இருக்கத்தான் தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்கிறார்கள். ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், ஆட்டம் முன்பு போலவே அடங்குவதற்கு ஷாக் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாக இறுக வேண்டும். சாதாரண ஷாக்கில் இது நடக்காது. அடாப்டிவ் ஷாக்கில் அந்த வரம்பு உண்டு. பட்டறைக்காரர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். ஆனால் கம்ஃபர்ட் மோடில் எவ்வளவு தளர்த்தலாம் என்று எழுதிவைத்த அட்டவணை பழைய ஸ்பிரிங்குக்கானது. அதனால்தான் தாழ்த்திய பல கார்கள் ஸ்போர்ட் மோடில் நன்றாக ஓடி, கம்ஃபர்ட்டில் துள்ளுகின்றன.

பொய்யான பாதி அந்த உயர சென்சார் குச்சியில் இருக்கிறது. பூஜ்யத்தைத் திருத்தாவிட்டால், கார் எந்நேரமும் முழுச் சுமையோடு அமுங்கி நிற்பதாகவே சென்சார் சொல்லிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைக்கும்போது தரை வந்துவிட்டால் முட்டி அதிருமே, அந்த நிலைமைதான் கம்ப்யூட்டருக்கு. மாடலைப் பொறுத்துச் சில கார்கள் இடம் முடியப்போகிறது என்று நினைத்துச் சின்னப் பள்ளத்துக்கே ஷாக்கை இறுக்கும். சில கார்கள் பழுது விளக்கை எரியவிட்டு, மாற்றும் வேலையையே விட்டு ஒரே இறுக்கத்தில் நின்றுவிடும். லட்சக்கணக்கில் கூடக் கொடுத்து வாங்கிய அம்சம் அதோடு சரி.

முறையான வழிகள் இல்லாமலில்லை. கம்பெனி ஷாக்கை அப்படியே வைத்து ஸ்பிரிங்கை மட்டும் 15, 20 மி.மீ. இறக்கும் செட்டுகளை ஐபாக், எச்&ஆர் போன்ற உதிரிபாகக் கம்பெனிகள் விற்கின்றன. உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்பிரிங் செட் கேடபிள்யூவில் உண்டு. பில்ஸ்டீனின் டாம்ப்ட்ரானிக் வகை, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் புது ஷாக்கையே தருகிறது. ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் சேர்ந்தே வரும் சாதாரண காயில்ஓவரைப் போட்டு, பழுது விளக்கு எரியாமலிருக்க ஒரு போலி மாட்யூலைச் செருகுவது கடைசி வழி. அதைச் செய்தபின் காரை அடாப்டிவ் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஸ்பிரிங்கை கிரைண்டரில் வெட்டுவதைப் பற்றி ஒரே வரி: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நழுவலாம், வேண்டாம்.

அப்புறம் ரோடு. செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சமமான தடத்தில் 30 மி.மீ. தாழ்ந்த கார் சுகமாக ஓடும். அங்கே போய்வரும் வழிதான் வில்லன். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.6 மீட்டர் உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேல்தான் இருக்கும். உச்சி, சக்கரம் தொடும் மட்டத்தைவிட 5 செ.மீ. மட்டுமே உயர்ந்திருக்கும். தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே 11 செ.மீ. இடைவெளி உள்ள கார்கூட மெல்லப் போனால் தட்டாது. ஆனால் ஊருக்குள் மிச்சத் தாரைக் கொட்டி ஒன்றரை அடி அகலத்தில் கட்டிய 12 செ.மீ. மேட்டில் கணக்கு தலைகீழ். சக்கரங்கள் தரையில், முழு மேடும் வயிற்றுக்கடியில். 13.5 செ.மீ. இடைவெளியோடு தப்பித்த கார், 25 மி.மீ. தாழ்ந்தபின் அடி தட்டும். இதை எந்தக் கம்ப்யூட்டரும் மாற்ற முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கிடைக்கும் சந்தோஷத்தை, கீழே இறங்கியதும் ஒரு ஊர் எல்லை மேடு பறித்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்வது என்று முடிவாகிவிட்டால், வேலையின் வரிசையை மாற்றக் கூடாது. ஆர்ம்களின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், உயரமும் பொய்யாக இருக்கும். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்தபின் அலைன்மென்ட். தாழ்த்தினால் கேம்பரும் (சக்கரம் மேலே உள்ளோ வெளியோ சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், டயரின் உள்விளிம்பைச் சீக்கிரம் தேய்ப்பது பெரும்பாலும் டோ. அதன் பிறகுதான் ஸ்கேனர் கருவியால் உயர சென்சாரின் பூஜ்யத்தைப் புதிதாகப் பதிய வேண்டும். ஹெட்லைட்டின் தானியங்கிச் சாய்வும் பல கார்களில் அதே சென்சாரைக் கேட்டுத்தான் நடக்கிறது, அதனால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று சுவரில் அடித்துப் பார்த்த பிறகே பட்டறைக்குப் பணம் கொடுங்கள்.