பிட்ச் கிளாக்: தமிழில் ‘பந்துக்கெடு’

பேஸ்பாலில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஓடும் இறங்குமுகக் கடிகாரம்தான் பிட்ச் கிளாக். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள், பந்தை எறிபவரான பிட்சர் எறியத் தொடங்கிவிட வேண்டும். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2023 பருவத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ‘பிட்ச்’ என்றால் 22 கஜத் தரை. பேஸ்பாலில் அது பந்தை எறிவது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குத்தி ஊன்றுதல் என்று பொருள். கூடாரம் அடிப்பதற்கு இன்றும் அதையே சொல்கிறார்கள். ஸ்டம்ப் ஊன்றும் இடம் என்பதால் கிரிக்கெட்டில் தரைக்குப் பெயரானது. எறிதல் என்ற கிளைப்பொருளை பேஸ்பால் எடுத்துக்கொண்டது. ‘கிளாக்’ மணியைக் குறிக்கும் இடைக்கால லத்தீன் சொல்லின் வழிவந்தது. நம்மிடமும் கோயில் மணிக்கும் பத்து மணிக்கும் ஒரே சொல்தானே!

சரி, விதி என்ன? பேஸ்களில், அதாவது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய மூலைகளில், ஆள் இல்லாதபோது 15 நொடி. ஆள் இருந்தால் 20 நொடி. 2024-ல் அந்த 20-ஐ 18 ஆக்கினார்கள். பிட்சர் தாமதித்தால் பேட்டர் கணக்கில் ஒரு ‘பால்’ ஏறும் (நான்கு சேர்ந்தால் அவருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும்). பேட்டருக்கும் பிடி உண்டு: கடிகாரம் 8 காட்டும்போது அவர் தனக்கென வரைந்த பெட்டிக்குள் நின்று பிட்சரைப் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). பேஸில் நிற்கும் ரன்னரை மிரட்ட அங்கே எறிவதும், எறியும் மேட்டின் பலகையை விட்டுக் காலை எடுப்பதும் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கும் என்பதால், அவை ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். மூன்றாவது முறை ரன்னர் அவுட்டாகாவிட்டால் அவருக்கு ஒரு பேஸ் சும்மா கிடைக்கும். 2023-லேயே பேஸ்களின் அளவையும் கூட்டினார்கள். இரண்டும் சேர்ந்து, 2022-ல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டுகள் (பேட்டர் அடிக்காமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) 2023-ல் 3,503 ஆயின.

நேர வரம்பு புதிதல்ல. பேஸ்கள் காலியாக இருந்தால் 12 நொடிக்குள் எறிய வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் முன்பே இருந்தது. ஆனால் மைதானத்தில் கடிகாரம் கிடையாது. அம்பயர்களும் கண்டுகொள்வது அபூர்வம். பந்துக்குப் பந்து கையுறையைச் சரிசெய்துகொண்டே நின்ற மைக் ஹார்க்ரோவ் என்ற பழைய பேட்டருக்கு ‘மனித மழைத்தடை’ என்று பட்டப்பெயரே வந்தது. 2021-ல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி 3 மணி 10 நிமிடத்தைத் தொட்டது. இதற்கிடையில் 2014-ல் அரிசோனா ஃபால் லீகிலும், அப்புறம் மைனர் லீகுகளிலும் கடிகாரத்தை வைத்துப் பார்த்திருந்தார்கள்.

கடிகாரம் இல்லாத ஆட்டம் என்பதுதான் பேஸ்பாலின் பெருமை என்று நம்பியவர்களுக்கு இது கசந்தது. 2023 பிப்ரவரி 25 அன்று நடந்த பயிற்சி ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸ், 6-6 சமநிலை, மூன்று பேஸிலும் ஆள், அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பேட்டருக்கு முழுக்கணக்கு (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்), அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். அவர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்தார். பந்து எறியாமலே ஆட்டம் முடிந்தது, ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானதே.

ஆனாலும் நான் கடிகாரத்தின் பக்கம்தான். 2022-ல் 3 மணி 4 நிமிடமாக இருந்த சராசரி, 2023-ல் 2 மணி 40 நிமிடமானது. ரன்கள் குறையவில்லை, கூடவே செய்தன. போனது வெறும் காத்திருப்பு. மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் கடைசி இன்னிங்ஸ் வரை விழித்திருக்க முடிகிறது. மைதானத்துக்கு வந்தவர்கள் 7 கோடியைத் தாண்டினார்கள். 2017-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அத்தனைக்கும் கடிகாரமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் சீக்கிரம் முடிவதால், வழக்கமாக ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தும் பீர் விற்பனையைச் சில அணிகள் எட்டாவது வரை நீட்டித்தன. பிட்சர்களின் காயங்களுக்குக் கடிகாரமும் காரணம் என்கிறது வீரர்கள் சங்கம். லீக் அதை மறுத்து, வேகத்தின் மீதான மோகத்தைக் காட்டுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஆடுகளக் கடிகாரம்’ என்றால் பொருளே மாறிவிடும். ‘எறிநேரக் கடிகாரம்’ பரவாயில்லை, ஆனால் பேட்டரும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்பது அதில் இல்லை. மணி என்ன என்று இந்தக் கடிகாரம் காட்டுவதும் இல்லை. மிச்சம் எவ்வளவு என்றுதான் காட்டுகிறது. அதற்கு நம்மிடம் ‘கெடு’ இருக்கிறது. கடன் கொடுத்தவர் வைப்பதும் நீதிமன்றம் விதிப்பதும் அதுதான். ஆகவே விதிக்குப் ‘பந்துக்கெடு’, பலகைக்குப் ‘பந்துக்கெடுக் கடிகாரம்’, தவறினால் ‘கெடுமீறல்’. ‘பேட்டரின் கெடுமீறலால் ஒரு ஸ்ட்ரைக்’ என்று வர்ணனையாளர் மூச்சு விடாமல் சொல்லிவிடலாம். கிரிக்கெட்டில் ஓவர்களுக்கு நடுவே இப்போது ஓடும் 60 நொடிக் கடிகாரத்துக்கும் இதே வழியில் ‘ஓவர்க்கெடு’ பொருந்தும்.