கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

பவர் பட்டனை அழுத்தி மூன்று நிமிடம் கழித்து டெஸ்க்டாப் வருகிறது. அதன்பிறகும் மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்க இரண்டு நிமிடம் ஆகிறது. இப்படிப்பட்ட கணினியைப் பார்த்ததும் 'ப்ராசஸர் பழசாகிவிட்டது' என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் ப்ராசஸர் வயதாக ஆக மெதுவாவதில்லை. விசிறியில் தூசி அடைத்துச் சூடு ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வாங்கிய நாளில் செய்த வேலையை அதே வேகத்தில்தான் இன்றும் செய்கிறது. தொடங்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதியை அது சும்மா உட்கார்ந்தே கழிக்கிறது. டிஸ்கிலிருந்து ஒரு கோப்பு வர வேண்டும், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ் 'நான் தயார்' என்று சொல்ல வேண்டும், நெட்வொர்க்கில் இப்போது இல்லாத ஒரு பகிர்வு டிரைவ் பதில் தர வேண்டும். எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடக்கத்தை நான்கு துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். மின்சாரம் வந்தவுடன் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல் (பயாஸ் என்பதும் இதுவே) விழித்து, ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் சோதிக்கிறது. தயாரிப்பாளரின் லோகோ தெரிவது அப்போதுதான். அடுத்து விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலும் சாதனங்களை இயக்கும் டிரைவர்களும் நினைவகத்துக்கு வருகின்றன. புள்ளிகள் வட்டமாகச் சுற்றும் கட்டம் இது. மூன்றாவது, பாஸ்வேர்டு கொடுத்ததிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை. நான்காவது, டெஸ்க்டாப் வந்த பிறகு பின்னணி நிரல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அடங்கும் நேரம். கைபேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து நான்கையும் தனித்தனியே குறித்துக்கொண்டால் கோளாறு எந்தத் துண்டில் என்பது தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் 'கிளீனர்' மென்பொருள் எதையாவது நிறுவுவதில் பயனில்லை. பெரும்பாலும் தானும் தொடக்கத்தில் ஓடும் இன்னொரு நிரலாக அது சேர்ந்துகொள்ளும்.

விண்டோஸே தன் கணக்கை எழுதி வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போனால், மேலே 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று நொடிக்கணக்கு இருக்கும். அதுதான் முதல் துண்டு. மீதிக்கு விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று இறங்குங்கள். 100 என்ற எண்ணுள்ள பதிவு ஒரு தொடக்கத்தின் மொத்தக் கணக்கு. டீட்டெய்ல்ஸ் பகுதியில் 'பூட் டைம்' மொத்த நேரம். 'மெயின் பாத் பூட் டைம்' டெஸ்க்டாப் வரும்வரை ஆனது. 'போஸ்ட் பூட் டைம்' அதன்பிறகு கணினி ஓய்ந்து அமரும்வரை ஆனது. மூன்றும் மில்லிநொடியில் இருக்கும்: 95000 என்றால் 95 நொடி. ஃபர்ம்வேர் நேரம் இதில் சேராது.

அருகிலேயே 101, 102, 103, 109 என்ற பதிவுகள் இருந்தால் அவற்றையும் விடாதீர்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்த நிரல், டிரைவர், சர்வீஸ், சாதனம் எது என்பதைப் பெயரோடு சொல்பவை அவை. அப்டேட் முடிந்த மறுநாள் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அன்று கூடுதல் வேலை நடந்திருக்கும். நாலைந்து தொடக்கங்களை ஒப்பிட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்கள் மூடப்படும், ஆனால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதப்படும். மறுமுறை விண்டோஸ் அதை வாசித்துத் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 'தினமும் ஆஃப் பண்ணுகிறேன், ஆனாலும் டிரைவர் பிரச்சினை போகவில்லை' என்பதற்குக் காரணம் இதுதான். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பல நாள் காட்டுவதும் இதனால்தான். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இந்த வசதி நன்றாக உதவும். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருந்தால் மிச்சமாவது சில நொடிதான்; லினக்ஸையும் அதே கணினியில் வைத்திருப்பவர்கள் இதை நிறுத்திவிடுவதே நல்லது, இல்லாவிட்டால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் (பார்ட்டிஷன்) லினக்ஸிலிருந்து எழுத முடியாமல் போகும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை முழுதாக அணையும். சோதிக்கும்போது ஒன்று எப்போதும் ரீஸ்டார்ட், இல்லை எப்போதும் ஷட் டவுன் என்று ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

லாஸ்ட் பயாஸ் டைம் 20 நொடியைத் தாண்டினால் விண்டோஸுக்குள் எதைத் திருத்தியும் பயனில்லை. யுஎஸ்பியில் செருகியிருக்கும் வெளி டிஸ்க், கார்டு ரீடர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பயாஸிலுள்ள பூட் வரிசையில் (எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல்) நெட்வொர்க் முதலில் இருந்தால் அதைக் கீழே தள்ளி, விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வையுங்கள். தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போய், பிரவுசர் ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். 3 வோல்ட் நாணய பேட்டரி, மாற்றினால் சரியாகும். டிடிஆர்5 ராம் உள்ள புதுக் கணினியில் ராமை மாற்றியபின் முதல்முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். ராமுக்கு ஏற்ற மின்சைகை நேரங்களை ஃபர்ம்வேர் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறது. பதறி அணைக்காமல் விட்டால் தானே முடியும்.

இனி டிஸ்க். பழைய கணினிகளில் பெரும்பாலானவை இங்கேதான் சிக்குகின்றன.

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டும் நகரும் ஊசியும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி. ஊசி சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 9 மில்லிநொடி. மொத்தம் 13. ஆக நொடிக்குச் சுமார் 75 இடங்களைத்தான் தொட முடியும். லேப்டாப்பில் வரும் 5400 சுற்று டிஸ்க் இன்னும் மோசம், 60 தேறினால் அதிகம். ஒவ்வொரு முறையும் எடுப்பது 4 கிலோபைட் துண்டு என்றால் நொடிக்குக் கிடைப்பது 300 கிலோபைட். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் '150 எம்பி' என்பது ஒரே பெரிய கோப்பை வரிசையாக வாசிக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம். கணினி தொடங்கும்போது நடப்பது அதற்கு நேர்மாறு: ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள், டிஸ்கின் மூலைக்கொன்றாக. கடையில் ஒரே ஆள். ஐம்பது வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பொருள் கேட்கிறார்கள். அவர் நடந்தே களைத்துப் போகிறார்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்க, வேகமோ நொடிக்கு 1 எம்பி மட்டும் காட்டுவதன் ரகசியம் இதுவே. ஊசி முழுநேரமும் அலைகிறது, கையில் வருவதோ கொஞ்சம். எஸ்எஸ்டியில் நகரும் பாகம் கிடையாது. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிநொடி அளவில்தான் ஆகும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் பத்து வருடப் பழைய லேப்டாப்பில்கூட ராமையோ ப்ராசஸரையோ தொடாமல் ஹார்ட் டிஸ்க் செருகும் அதே சாட்டா இணைப்பில் சாதாரண எஸ்எஸ்டி போட்டாலே ஆள் மாறிவிடுகிறது. அதேசமயம், சாட்டாவிலிருந்து அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு மாறினால் இன்னொரு தாவல் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாட்டா 550 எம்பி, என்விஎம்இ 3500 எம்பி என்பது வரிசை வாசிப்பின் கணக்கு. சிறுதுண்டு வாசிப்பில் இரண்டுக்கும் இடைவெளி குறைவு. தொடக்க நேரத்தில் சில நொடிதான் குறையும்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதலே இந்த அலைச்சலைக் குறைக்க ஒரு ஏற்பாடு உண்டு. எந்தக் கோப்புகள் எந்த வரிசையில் தேவைப்பட்டன என்று குறித்துவைத்து, மறுமுறை முன்கூட்டியே சேர்த்து எடுக்கிறது. அந்தக் குறிப்புகள் இருக்கும் 'ப்ரீஃபெட்ச்' ஃபோல்டரைக் காலிசெய்தால் வேகம் கூடும் என்று இணையத்தில் சுற்றும் யோசனை தவறு. காலிசெய்தபின் வரும் தொடக்கங்கள் மெதுவாகத்தான் இருக்கும்.

எஸ்எஸ்டி வாங்கும் முன் பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும். 05 எண்ணுள்ள வரி, பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6, திருத்தவே முடியாதவை. இந்த மூன்றின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருப்பதே நலம். அது பதினாறடிமான எண்ணில் காட்டப்படுவதால் 10 என்றிருந்தால் உண்மையில் 16. சி5 ஏறிக்கொண்டே போனால் தாமதத்தின் காரணம் கிடைத்துவிட்டது: கெட்ட இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப வாசிக்க முயல்கிறது, அதுவரை எல்லாமே நிற்கிறது. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 7, 153 என்ற டிஸ்க் பதிவுகள் இதை உறுதிசெய்யும். அப்போது முதல் வேலை முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுப்பது. செக்டிஸ்க் போன்ற முழுச் சோதனையை அதற்குமுன் ஓட்டவே கூடாது. சாகக்கிடக்கும் டிஸ்கை அது மேலும் அலையவிடும். தகவல் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது தவறுகள் நடப்பது இந்த இடங்களில். 2.5 அங்குல எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பழைய லேப்டாப்பின் அறை 9.5 மில்லிமீட்டராக இருந்தால் ஓரத்தில் ஒட்ட ஒரு சட்டம் வேண்டும், இல்லையேல் ஆடும். எம்.2 வகை என்றால், 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். துளை பொருந்துவதால் மட்டும் வேலை செய்யாது, அந்த ஸ்லாட் சாட்டாவுக்கா என்விஎம்இக்கா என்று மாடல் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். குளோன், அதாவது முழு நகல், எடுத்து முடித்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதில் மட்டும் முதல்முறை தொடங்குங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், இரண்டும் சேர்ந்திருந்தால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவிடும். பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்ததை ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் நீலத்திரை வரலாம். மாற்றும் முன் அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றினால் விண்டோஸ் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அதன்பின் சேஃப் மோடை நீக்கிவிடலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தும் நான்காவது துண்டு நீண்டால், ஸ்டார்ட்அப் பட்டியல். அங்கே 'ஹை' என்று காட்டுவதற்கு அளவுகோல் உண்டு: தொடக்கத்தில் 1 நொடிக்கு மேல் சிபியு நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்த நிரல். அரட்டைச் செயலிகள், கேம் லாஞ்சர்கள், மென்பொருள்களின் அப்டேட்டர்கள், பிரிண்டர் உதவியாளர்கள் இவற்றை டிசேபிள் செய்வதால் நிரல் போய்விடாது. தேவையானபோது திறந்தால் ஓடும். டச்பேட், ஆடியோ, ஆன்டிவைரஸ் வரிகளை விட்டுவிடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை அகற்றியே ஆக வேண்டும், ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் பரிசோதிக்கும்.

இப்பட்டியலில் வராதவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஆட்டோரன்ஸ் கருவி. மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள், தவறினால் திரும்பப் போடலாம். எந்த சர்வீஸ் என்று தெரியவில்லையா? விண்டோஸின் தொடக்க அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்து, மிஞ்சியதில் பாதியை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள். வேகம் வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். 32 சர்வீஸ் இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டில் ஒன்றுக்கு வந்துவிடலாம். அதே எம்எஸ்கான்ஃபிக்கில் 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' என்பதை உயர்த்தச் சொல்லும் குறிப்பைப் புறக்கணியுங்கள். அது சோதனைக்காக ப்ராசஸர்களைக் கட்டுப்படுத்தும் இடம். தொடாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தும்.

சில தாமதங்களில் டிஸ்கும் சும்மா இருக்கும், சிபியுவும் சும்மா இருக்கும், திரை மட்டும் நகராது. அப்போது நொடிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக 30, 60, 90 என்று முழு எண்ணாக வந்தால் அது வேலை நடக்கும் நேரமே இல்லை. யாரோ ஒரு நிரலாளர் எழுதிவைத்த காத்திருப்பு வரம்பு. விண்டோஸ் 7இல் டெஸ்க்டாப்புக்குப் படம் வைக்காமல் வெறும் நிறம் வைத்தால் உள்நுழைய 30 நொடி கூடுதலாகும் கோளாறு இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தமும் வெளியிட்டது. சர்வீஸ் ஒன்று கிளம்பவில்லை என்றால் விண்டோஸ் இயல்பாக 30 நொடி காத்துப் பார்க்கும். சிஸ்டம் பதிவுகளில் 7009 என்ற எண்ணோடு, 30000 மில்லிநொடி என்ற அளவையும் சர்வீஸின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கும். அந்த சர்வீஸைச் சரிசெய்தால் 30 நொடி அப்படியே திரும்பக் கிடைக்கும்.

லினக்ஸில் இதே கதை 90 நொடியாக வரும். 'ஸ்டார்ட் ஜாப்' என்று தொடங்கி 1 நிமிடம் 30 நொடிவரை எண்ணும் வரி திரையில் ஓடினால், எந்த டிஸ்குகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள். ராமுக்குத் துணையாக ஒதுக்கிய ஸ்வாப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் அதன் யுயுஐடி என்ற அடையாள எண் மாறிவிடும். கோப்பிலோ பழைய எண்ணே இருக்கும். இல்லாத டிஸ்கை, தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் 90 நொடி தேடுகிறது. புதிய எண்ணை எழுதினால் தீர்ந்தது. எப்போதாவது மட்டும் செருகும் டிஸ்கின் வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்தால் அது இல்லாதபோது தொடக்கம் நிற்காது. டெபியன், உபுண்டு கணினிகளில் அதே பழைய எண், கெர்னல் முதலில் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் ரெஸ்யூம் கோப்பிலும் ஒளிந்திருக்கும்; அதையும் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காவிட்டால் கெர்னல் கிளம்பியவுடன் வரும் காத்திருப்பு அப்படியே தொடரும்.