அதிகாலை 3 மணிக்கு விளக்கெரியும் வீடு

தோளில் சாய்ந்தபடி குழந்தை தூங்கிவிட்டது. விரல்கள் தளர்ந்துவிட்டன, வாய் பாதி திறந்திருக்கிறது, மூச்சு சீராக வருகிறது. அடிமேல் அடி வைத்துத் தொட்டிலருகே போய்க் குனிகிறீர்கள். முதுகு மெத்தையில் படுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே கண் திறக்கிறது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து எதையோ பிடிக்கத் தேடுகின்றன. பிறகு அழுகை. மணி 3. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மகளின் இரண்டாவது மாதத்தில் ஒரே இரவில் நான்கு முறை இப்படித் தோற்றேன். மெத்தையின் குளிர்ச்சிதான் எழுப்புகிறது என்று நானே முடிவுகட்டி, விரிப்பை உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கிக்கூடப் பார்த்தேன். மெத்தை மீது பழி போட்டது தவறு என்று பின்னால்தான் தெரிந்தது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு, குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபடியே தாய்மார் அவர்களைத் தூக்கி நடப்பதையும் உட்கார்வதையும் படுக்கவைப்பதையும் பதிவுசெய்தது. 2022இல் வெளியான அந்த ஆய்வில் 21 குழந்தைகள்தான். ஆனால் கிடைத்த விடை கூர்மையானது: துடிப்பு மாறத் தொடங்குவது முதுகு மெத்தையைத் தொடும்போது அல்ல, அதற்கும் முன்பே, தாயின் உடலிலிருந்து குழந்தையின் உடல் பிரியத் தொடங்கும் அந்த நொடியில்.

அந்தக் குழு சொல்லும் வழி எளிது. குழந்தையை நெஞ்சோடு அணைத்து 5 நிமிடம் நிற்காமல், சீராக நடக்க வேண்டும். தூங்கியதும் ஓடிப்போய்ப் படுக்கவைக்காமல், 5 முதல் 8 நிமிடம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் தொட்டில். எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லா இரவும் இது பலிக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் அந்த 5 நிமிட நடைக்குப் பின்னால் ஆழமான உயிரியல் இருக்கிறது. இதே குழு 2013இல் காட்டியது: தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மனிதக் குழந்தையும் சரி, எலிக்குட்டியும் சரி, உடல் அசைவைக் குறைத்துக்கொள்கின்றன, அழுகையை அடக்கிக்கொள்கின்றன, இதயத்துடிப்பும் தணிகிறது. தாய் இடம்பெயரும்போது திமிறாமல் ஒட்டிக்கொள்ளும் குட்டிதான் பிழைக்கும். உட்கார்ந்த இடத்திலேயே தூக்கி வைத்திருந்தால் அதே பலன் கிடைப்பதில்லை. ‘நீங்கள் உட்கார்ந்தது குழந்தைக்கு எப்படித்தான் தெரிகிறதோ’ என்று பெற்றோர் வியப்பது வெறும் பிரமை இல்லை.

காற்றில் விரியும் அந்தக் கைகளுக்கும் ஒரு பெயர் உண்டு. ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918இல் விவரித்த அனிச்சைச் செயல் அது, ‘மோரோ அனிச்சை’ என்பார்கள். தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால், விழுகிறோம் என்று மூளைத்தண்டு முடிவு செய்து கைகளை விரித்து, பிறகு அணைப்பதுபோல் குவிக்கிறது. தலைக்கு ஒரு கையைக் கொடுத்து மெதுவாக இறக்கினால் இது குறையும். சில மாதங்களில் தானே மறைந்தும் போகும்.

இவையெல்லாம் தூங்க வைப்பதன் நுணுக்கங்கள். 3 மணிக்கு ஏன் விழிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

நம் தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. இந்தச் சட்டகத்தை 1982இல் முன்வைத்தவர் சுவிஸ் ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி. ஒன்று தூக்க அழுத்தம்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறும், தூங்கத் தூங்க வடியும். இன்னொன்று உடலின் கடிகாரம். நேற்றிரவு சரியாகத் தூங்காதவருக்குக்கூடக் காலை 10 மணிக்குச் சற்றுத் தெளிவு வருவதற்கு இந்தக் கடிகாரமே காரணம். பெரியவர்களிடம் இரண்டும் கைகோத்து வேலை செய்கின்றன. பகல் முழுதும் ஏறிய அழுத்தம் விழிக்க வைக்கும் விசையைத் தாண்டும்போது இரவு வந்திருக்கும்.

பிறந்த குழந்தையிடம் முதல் விசை மட்டுமே ஆட்சி செய்கிறது. அதுவும் அவசர ஆட்சி. ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே அழுத்தம் கூரையைத் தொட்டுவிடும், 2 முதல் 4 மணி நேரத் தூக்கத்தில் வடிந்துவிடும். ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் உயிர், வீட்டில் ஒருவரையும் தூங்கவிடாமல் செய்வது இப்படித்தான். தூக்கத்துக்குக் குறைவே இல்லை. அது துண்டு துண்டாக 24 மணி நேரமும் இறைந்து கிடக்கிறது.

கடிகாரம் இல்லாமல் இல்லை. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஓர் இணைக்கொத்து இருக்கிறது. அரிசி மணியைவிடச் சிறியது. கருவிலேயே அது உருவாகிவிடுகிறது. கருவறையில் அதற்கு நேரம் சொன்னது தாயின் உடல்: நஞ்சுக்கொடி வழியே இரவில் வந்த மெலட்டோனின் என்ற, இருட்டில் சுரக்கும் ஹார்மோன், தாய் சாப்பிட்ட வேளைகள், தாயின் உடல் வெப்பம் ஏறி இறங்கிய விதம். தொப்புள்கொடியை வெட்டும்போது இந்தச் செய்திகளும் அறுந்துவிடுகின்றன. குழந்தையின் சொந்த மெலட்டோனின் இரவு பகலுக்கேற்ப ஏறி இறங்கத் தொடங்கப் பெரும்பாலும் 9 முதல் 12 வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியைத்தான் வீடு முழுதும் சேர்ந்து கடக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் கிளெய்ட்மனும் எங்கெல்மனும் 1953இல் வெளியிட்ட ஒரு வரைபடம் இதைக் கண்ணெதிரே நிறுத்துகிறது. ஒரே ஒரு குழந்தையின் பல மாதங்கள் அதில் இருக்கின்றன, ஒரு நாளுக்கு ஒரு வரி. தூங்கிய நேரம் கோடு, பால் குடித்தது புள்ளி. மேல்பகுதி மழைத்தூறல் போலச் சிதறிக் கிடக்கிறது. கீழே வர வர ஒரு சாய்வு தென்படுகிறது. அந்தக் குழந்தை 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமான ஒரு நாளை வாழ்ந்து, தன் இரவைத் தினமும் கொஞ்சம் தள்ளிவைத்துக்கொண்டே போயிருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் சூரியனோடு இன்னும் பொருந்தவில்லை. அதற்கும் கீழே சாய்வு நிமிர்ந்து, கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இரவு என்று ஒன்று உருவாகிறது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் நேரம் குறிக்கத் தொடங்கினேன்.

கிளெய்ட்மனின் அதே ஆய்வகத்தில் அதே ஆண்டில் இன்னொரு புகழ்பெற்ற கண்டுபிடிப்பும் வெளியானது. தூங்கும் குழந்தைகளின் இமைகளைக் கவனிக்கும் அலுப்பூட்டும் வேலையில் தொடங்கிய மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி, தூக்கத்தினூடே கண்விழிகள் வேகமாக அசையும் கட்டங்கள் உண்டு என்பதைப் பெரியவர்களிடம் கண்டார். பெரியவர்களின் தூக்கத்தில் இந்த விரைவுக் கண்ணசைவுத் தூக்கம் ஏறத்தாழ கால் பங்கு. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் அது பாதி என்பதை 1966இல் ராஃப்வார்க், முசியோ, டெமென்ட் மூவரும் எழுதினார்கள்.

இந்தப் பாதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. அந்தக் கட்டத்தில் குழந்தை முகம் சுளிக்கும், சிரிக்கும், உதடு சப்பும், முனகும், கால் உதைக்கும், சில சமயம் கண்ணைப் பாதி திறக்கும். முழுத் தூக்கத்தில்தான் இவ்வளவும் நடக்கின்றன. எழுந்துவிட்டது என்று நினைத்து நாம் பாய்ந்து தூக்குகிறோம், அப்போதுதான் உண்மையிலேயே எழுகிறது. முனகல் கேட்டதும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நான் கற்ற பாடங்களிலேயே கடினமானது.

இன்னொன்றும் உண்டு. நாம் கண் மூடியதும் முதலில் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்குகிறோம். குழந்தை தன் முதல் மாதங்களில் அந்த விரைவுக் கண்ணசைவுத் தூக்கத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது, அமைதித் தூக்கம் பிறகுதான் வரும். ஒரு சுற்று முடிய நமக்கு 90 நிமிடம் ஆகும், குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம். தூங்கிய உடனே படுக்கவைத்தால் விழித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. ஏறத்தாழ 3 மாதத்தில் இந்த வரிசை மாறத் தொடங்குகிறது.

கடிகாரமே சரியாக இருந்தாலும் வயிறு சும்மா விடாது. முதல் சில மாதங்களில் குழந்தையின் எடை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூடுகிறது. அந்தச் சின்ன இரைப்பையிலிருந்து தாய்ப்பால் விரைவாக இறங்கிவிடுகிறது. ஆக, இரவில் பால் கேட்பது கெட்ட பழக்கம் அல்ல, கணக்கு. ‘இப்போதே பழக்கினால்தான் உண்டு’ என்று முதல் மாதத்தில் அறிவுரை சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

பாலுக்கே நேரம் தெரியும் என்பது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலட்டோனின் இருக்கிறது, பகல் பாலில் கிட்டத்தட்ட இல்லை. விழிப்புக்குத் துணைபோகும் கார்டிசோல் காலைப் பாலில் அதிகம். தொப்புள்கொடி சொல்லிவந்த நேரத்தை மார்பு தொடர்ந்து சொல்கிறது எனலாம். பாலைக் கறந்து சேமிப்பவர்கள் பாட்டிலில் மணியையும் எழுதிவைக்கலாம். ஆனால் பால் குறைவாக இருக்கும் வீட்டில் இதற்காக ஒரு துளியையும் வீணாக்க வேண்டியதில்லை.

பாலைவிட வலுவான செய்தி ஒளி. விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து கடிகாரத்துக்கு அனுப்புவதையே முக்கிய வேலையாகக் கொண்ட செல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி நீலம் கலந்த ஒளிக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒரு குழந்தையைச் செயற்கை விளக்கு இல்லாமல், சூரிய ஒளியிலேயே வளர்த்துக் கவனித்தார்கள். அதன் உடல் வெப்பத்தில் இரவு பகல் ஒழுங்கு முதலில் வந்தது, விழிப்பில் 45ஆம் நாளை ஒட்டி, தூக்கத்தில் 56ஆம் நாளுக்குப் பிறகு. ஒரு குழந்தையை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் திசை தெளிவு: பகலில் திரையை விலக்குங்கள், தூங்கும் நேரத்திலும் வீட்டின் வழக்கமான சத்தங்கள் இருக்கட்டும். இரவில் துணி மாற்றவும் பால் கொடுக்கவும் மங்கலான, மஞ்சள் சாயலுள்ள விளக்கு போதும். 3 மணிக்கு முகத்துக்கு நேரே ஒளிரும் செல்போன் குழந்தையின் கடிகாரத்தைவிட உங்கள் கடிகாரத்தைத்தான் அதிகம் குழப்பும்.

இவ்வளவும் செய்யும்போதே 6ஆவது வாரம் வருகிறது, அழுகை உச்சிக்குப் போகிறது. குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962இல் 80 குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரையே குறித்துவைக்கச் சொன்னார். 2ஆவது வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்தது 6ஆவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாகி, பிறகு இறங்கியது. பெரும்பாலும் மாலையில்தான் அழுதன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இந்த உச்சம் உண்டு. ஆனால் பிறந்த நாளிலிருந்து எண்ணினால் பொருந்தாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் 6 வாரத்தில் வருகிறது. வளர்ப்பில் குற்றம் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பகலில் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்தால் 6ஆவது வார அழுகை 43 சதவீதம் குறைந்ததாக 1986இல் ஹன்சிகர், பார் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏற்கெனவே அளவுகடந்து அழும் குழந்தைகளிடம் அது எடுபடவில்லை என்பதை அவர்களில் ஒருவரான பார் பின்னர் எழுதினார்.

தாங்க முடியாமல் போனால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் 5 நிமிடம் இருங்கள். அழுது யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியவர்கள் பக்கம் வருவோம். பிரசவத்துக்குப் பின் முதல் 4 மாதங்களில் தாய்மாரின் தூக்கத்தைக் கருவி கட்டி அளந்த ஓர் ஆய்வில் சராசரி 7.2 மணி நேரம் வந்தது. கேட்பதற்குக் குறைவாகத் தெரியாது. சிக்கல் அதன் துண்டுகளில் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் முழுச் சுற்றாக முடிய இடம் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கொருமுறை உடையும் இரவில் அந்த இடம் கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஜெர்மானியப் பெற்றோரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து, 2019இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது: முதல் 3 மாதங்களில் தாய்மார் முன்பைவிட ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்கினார்கள், தந்தைமார் 15 நிமிடம். இந்த வரியை என் மனைவி என்னிடம் இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

எங்கள் வீட்டில் கொஞ்சமாவது உதவியது முறை வைத்துக்கொண்டதுதான். இரவு 8 முதல் 1 வரை நான், அதற்குப் பிறகு அவள். ஒவ்வொருவருக்கும் யாரும் எழுப்பாத 4 மணி நேரமாவது கிடைத்தது. தூக்கக் கலக்கத்தில் குழந்தையோடு சோபாவில் சரிந்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். திடீர்க் குழந்தை மரணத்தின் அபாயத்தைக் கூட்டும் இடங்களில் அது முன்வரிசை.

நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. முதல் பக்கங்களில் கிளெய்ட்மனின் படத்தைப் போலவே சிதறல். 73ஆம் நாள் பக்கத்தில் இரவு 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒரு குறியும் இல்லை, வெறும் காகிதம். அவள் முதன்முதலாக 5 மணி நேரம் தொடர்ந்து தூங்கிய இரவு அது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். குறிக்க வேண்டியவர் தூங்கிவிட்ட இரவு அது என்கிறாள் மனைவி.