பிஎம்-வாணி: கடையில் வைஃபை விற்க லைசென்ஸ் வேண்டாம், சேனல்தான் பார்க்க வேண்டும்

கடையில் வைஃபை வைத்துக் காசுக்கு விற்க லைசென்ஸ் எடுக்கணுமா என்று கேரள எல்லையிலுள்ள குமுளி பஜாரில் இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடை, ஏலக்காய்க் கடை, லாட்ஜ் என்று யார் வேண்டுமானாலும் வைஃபை கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவருக்கு பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்) என்று பெயர். அவருக்கு லைசென்ஸும் கிடையாது, கட்டணமும் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியது அவருக்கு மேலே இருந்து பல பிடிஓக்களை ஒன்றுசேர்த்து நடத்தும் பிடிஓஏ நிறுவனம்தான். ஆளைச் சரிபார்ப்பது ஆப் நடத்தும் நிறுவனத்தின் பாடு, அனுமதி கொடுப்பது, கணக்கு வைப்பது எல்லாம் பிடிஓஏ பாடு. மத்திய அரசுத் திட்டம் என்பதால் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்ற கணக்கெல்லாம் இதற்கு இல்லை.

கடைக்கு வரும் இன்டர்நெட் லைன் செலவுக்கும் வரம்பு வந்துவிட்டது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் பிளான்களை பிடிஓக்களுக்கும் தர வேண்டும், வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் உத்தரவு போட்டது. கம்பெனிகள் எடுக்கும் விலை அதிகமான தனி லைன், அதாவது லீஸ்டு லைன்தான் எடுக்கணும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, சிக்கல் எங்கே? வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் விட்டிருக்கிறார்கள், ஆனால் அடுத்தவர் சிக்னல் உங்களுடையதைக் கெடுத்தால் பாதுகாப்புக் கேட்க முடியாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. மண்டல சீசனில் ஐயப்ப பக்தர்கள் தெரு நிறைய நிற்கும்போது பக்கத்துக் கடை ரவுட்டரால் உங்கள் நெட் திணறினாலும் புகார் கொடுக்க இடமில்லை, நீங்களே பேசித்தான் தீர்த்துக்கொள்ளணும்.

பேசித் தீர்க்க வேண்டியது யாருக்கு எந்தச் சேனல் என்பதைத்தான். சேனல் என்றால் அலைவரிசைக்குள் சிக்னல் போகும் பாதை; ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4-ல் 13 சேனல் காட்டும். ஒன்றோடொன்று உரசாதவை என்று எல்லாரும் வைத்துக்கொள்வது 1, 6, 11 மூன்றும்தான். காலியாகத் தெரிகிறதே என்று 3-லோ 4-லோ வைப்பது, என்னைக் கேட்டால், வீம்பு. ஒரே சேனலில் இரண்டு கடை இருந்தால் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்டு முறை வைத்தாவது அனுப்பும். பாதி உரசினால் அது வெறும் இரைச்சல், இரண்டு பேருக்கும் நஷ்டம். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள், 40 வைத்தால் தெருவில் பாதியை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். ரவுட்டரே சேனலைத் தேர்ந்தெடுக்கும் ‘ஆட்டோ’வையும் ரொம்ப நம்ப வேண்டாம். கரண்ட் போய் வந்ததும் தெருவிலுள்ள ரவுட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் முழித்து, காலி என்று நினைத்து ஒரே சேனலில் போய் உட்கார வாய்ப்பு உண்டு.

லாட்ஜ்காரர்கள் மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) வைத்து, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுத்து, வைஃபை பெயரை ஒன்றாகவும் சேனலை வேறாகவும் வையுங்கள். கேபிள் இல்லாமல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் போட்டால் வேகம் பாதியாகலாம். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் தாராளம், சுவர் தாண்டும்போது மட்டும் சுருண்டுவிடும். அப்புறம் சிக்னல் பவரை முழுதாக ஏற்றிப் பயனில்லை: ஆக்சஸ் பாயின்ட் கத்துவது ஃபோனுக்குக் கேட்கும், ஃபோன் பதில் சொல்வது இதற்குக் கேட்காது.